பித்தளைப் பொத்தான்களும் பெயரில்லாச் சிப்பாய்களும்



'பாதிரி' என்ற சொல்லும் 'பொத்தான்' என்ற சொல்லும் ஒரே கப்பலில் நம் கரைக்கு வந்திறங்கியவை. இரண்டும் போர்ச்சுக்கீசியர் தந்தவை. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் சாந்தோமில் குடியேறியபோது சாவியும் சன்னலும் மேசையும் அலமாரியும் அவர்களோடு வந்து நம் வீடுகளில் நிரந்தரக் குடிகளாயின. ஆகவே, சாந்தோமுக்கு அருகேயுள்ள மந்தைவெளியில் பணிபுரியும் ஒரு பாதிரி, பொத்தான் சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருப்பதில் வியப்பில்லை என்று பங்கு மக்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான் சேர்ப்பவை சட்டைப் பொத்தான்கள் அல்ல. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டில் இருந்த படைப்பிரிவுகளின் சீருடைகளை அணிசெய்த உலோகப் பொத்தான்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தவை இப்போது நூற்று நாற்பதைத் தொட்டிருக்கின்றன. அட்டைகளில் வரிசையாகத் தைத்து, ஒவ்வொன்றின் கீழும் அது வந்த வழியை எழுதி வைத்திருக்கிறேன். இந்தச் சிறு உலோக வட்டங்கள் எனக்குக் கற்பித்தவற்றையும், அண்மையில் இவற்றால் என் முன்னே எழுந்த இரண்டு வினாக்களையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய பித்தளையின் நடுவே

பூந்தமல்லிக் குருமடத்தில் நான் பயின்ற நாட்களில், கடைத்தெருவில் பழைய பித்தளையை எடைக்கு வாங்கும் கடை ஒன்று இருந்தது. பூந்தமல்லி ஒரு காலத்தில் பட்டாளத்தார் தங்கிய ஊர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய புதிய வீரர்களையும், நோயுற்றுத் தாயகம் திரும்பக் காத்திருந்தவர்களையும் அங்கேதான் தங்கவைத்தார்கள். அக்கடையில் உடைந்த குத்துவிளக்குகளுக்கும் குழாய்த் துண்டுகளுக்கும் இடையே, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பொறித்த ஒரு பொத்தான் என் கண்ணில் பட்டது. கடைக்காரர் அதற்கு விலை கேட்கவில்லை. "எடையே நிற்காது, எடுத்துட்டுப் போங்க பிரதர்" என்றார். அது மிகச் சாதாரணமான பொத்தான். ஆயினும், 'இதை அணிந்தவன் யார்?' என்ற வினா அன்று முதல் என்னை விடவில்லை.

அந்நாட்களில் இத்தகைய பழம்பொருட்களுக்கு மூர் மார்க்கெட்டே புகலிடமாக இருந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 1985இல் அது தீக்கிரையானது. அதன் பின்னர் பழைய பேப்பர் கடைகளும், முதியோர் மறைந்த வீடுகளில் பரணிலிருந்து இறக்கப்படும் தகரப் பெட்டிகளுமே எனக்குச் சுரங்கங்களாயின.

பொத்தானைப் படிக்கும் முறை

பொத்தானுக்கு மூன்று மொழிகள் உண்டு. முதலாவது எண். 1767ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, ஒவ்வொரு காலாட்படைப் பிரிவும் தன் எண்ணைப் பொத்தானில் பொறிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அன்று முதல் ஒரு வீரன் எந்தப் பட்டாளத்தைச் சேர்ந்தவன் என்பதை அவன் மார்பே சொல்லிற்று. 1871இல் சாதாரண வீரர்களின் பொத்தான்களிலிருந்து எண்கள் நீக்கப்பட்டு, அனைவருக்கும் பொதுவான அரச சின்னம் வந்தது. அதிகாரிகள் மட்டும் தத்தம் பிரிவின் அடையாளத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். எனக்குப் பூந்தமல்லியில் கிடைத்தது 1871க்குப் பிந்திய அந்தப் பொது வகைதான்.

இரண்டாவது மொழி கிரீடம். விக்டோரியா அரசியார் காலத்துக் கிரீடத்தின் வடிவம் ஒன்று. 1901க்குப் பின் வந்த மன்னர்களின் கிரீடத்தின் வடிவம் வேறொன்று. 1950இல் நாடு குடியரசானபின் கிரீடம் மறைந்து அசோகரின் சிங்கத்தூண் அமர்ந்தது. எழுத்தறியாதவரும் இந்த வேறுபாட்டைக் கொண்டு ஒரு பொத்தானின் காலத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது மொழி பின்புறத்தில் இருக்கிறது. செய்தவரின் பெயரும் ஊரும் அங்கே வட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இலண்டன் நகரின் ஃபர்மின், ஜென்னன்ஸ் போன்ற பெயர்களை அடிக்கடி காணலாம். பிர்மிங்காம் நகரமே பொத்தான் தொழிலின் தலைநகரமாக விளங்கியது. நிறுவனங்கள் காலத்துக்குக் காலம் முகவரியை மாற்றிக்கொண்டதால், அம்முகவரியைக் கொண்டே ஆண்டுகளைக் குறுக்கிவிடலாம்.

உலோகமும் பேசும். 1855 வரை சாதாரண வீரர்களுக்கு வெள்ளீயக் கலவைப் பொத்தான்களே கிடைத்தன. அதன்பின் பித்தளை வந்தது. அதிகாரிகளுக்கோ பொன் முலாம் பூசியவை. இந்த முலாமிலும் ஏமாற்று நடந்ததால், ஓர் அங்குல அகலமுள்ள 144 பொத்தான்களுக்கு ஐந்து குன்றிமணி அளவாவது பொன் இருக்க வேண்டும் என்று 1796இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நான் குன்றிமணி என்று சொன்னது அவர்களுடைய 'கிரெயின்' என்ற அளவை. ஐந்து கிரெயின் என்பது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. அத்தனை சிறிய பொன்னை 144 பொத்தான்களின் மீது பரப்பினார்கள்!

எப்படிப் பரப்பினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கையில் உள்ளம் நோகிறது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, அக்குழம்பைப் பொத்தானின் மீது தடவி, நெருப்பில் வாட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், பொன் தங்கிவிடும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கமும் நரம்புத் தளர்ச்சியும் வந்தன. மதராஸ் கோட்டையில் அணிவகுப்பில் மின்னிய ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால், பிர்மிங்காமில் கை நடுங்கிய ஓர் ஏழை இருந்தான்.

இங்கேயும் ஓர் ஏழை இருந்தான். வெயிற்கால வெள்ளைச் சீருடைகளும் காக்கிச் சீருடைகளும் நாள்தோறும் சலவைக்குப் போகவேண்டியிருந்தன. கல்லில் அடித்துத் துவைத்தால் பொத்தான் நசுங்கும், துணியும் கிழியும். ஆகவே அவற்றின் பொத்தான்களைத் தைக்காமல், துளையில் நுழைத்துப் பின்புறம் ஒரு சிறு வளையத்தால் மாட்டினார்கள். சலவைக்கு முன் கழற்றி, பின் மாட்ட வேண்டும். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளியை எண்ணிச் சீமையில் செய்யப்பட்ட மாற்றம் இது. என் சேகரிப்பில் அந்த வளையங்களோடு கூடியவை பதினொன்று உள்ளன. மற்றவற்றைவிட அவை எனக்கு நெருக்கமானவை.

எண்களில் மறைந்த நம்மவர்

1748இல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்பவர் வந்து மதராஸ் படையை ஒழுங்குபடுத்தினார். அடுத்த பத்தாண்டுகளில் நம்மவர்களைக் கொண்ட சிப்பாய்ப் பட்டாளங்கள் உருவாயின. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சிவப்புச் சட்டை அணிந்து மாதம் ஏழு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கம்பெனியாருக்காகப் போரிட்டார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? அதிகாரிகளின் பெயர்கள் ஆலயச் சுவர்களில் சலவைக்கற்களில் உள்ளன. சிப்பாயின் பெயர் இருந்த சம்பளப் பட்டியலோ பெரும்பாலும் கரையானுக்கு இரையாயிற்று. எஞ்சியது ஓர் எண் மட்டுமே.

அந்த எண்ணையும் அடிக்கடி மாற்றினார்கள். 1903இல் கிச்சனர் பிரபு இந்தியப் படைகளை ஒன்றாக எண்ணியபோது, மதராஸ் காலாட்படைகளின் எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். பதின்மூன்றாம் பட்டாளம் 73ஆம் கர்நாட்டிக் பட்டாளமாயிற்று. மூன்றாவதாக இருந்த பாளையங்கோட்டைப் பட்டாளம் 63ஆவது ஆயிற்று. தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்ற தவறான கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலிடத்தில் வேரூன்றியது. அதனால் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920களின் பிற்பகுதியில் மதராஸ் ரெஜிமெண்டே இல்லை என்றாயிற்று. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் அதை மீண்டும் எழுப்பினார்கள். இன்று அதன் தலைமையகம் நீலகிரியில் வெலிங்டனில் உள்ளது. 1803இல் நடந்த அசாயிப் போரின் நினைவான யானைச் சின்னத்தை அது இன்றும் தாங்குகிறது.

சீருடையைப் பற்றிப் பேசும்போது வேலூரை மறக்கலாகாது. 1805ஆம் ஆண்டு நவம்பரில் மதராஸ் படைத் தலைமை, சிப்பாய்கள் தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று ஆணையிட்டது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றும் விதிகள் வந்தன. தங்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப் போகிறார்கள் என்ற அச்சம் சிப்பாய்களிடையே பரவியது. 1806 சூலை 10 அன்று விடியுமுன் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேய வீரர்கள் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை கோட்டையை மீட்டபோது, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். ஆணையிட்ட படைத் தலைவர் கிரடாக்கும், ஆளுநர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

கிறிஸ்தவர்களாகிய நாம் இந்நிகழ்ச்சியைத் தலைதாழ்த்திப் படிக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஒருவன் நெற்றியிலும் தலையிலும் உள்ளதை அதிகாரத்தால் அழித்துவிட்டு, அவன் நெஞ்சில் எதை எழுத முடியும்?

அந்தப் புரட்சிக்குப் பின் நடந்ததே எனக்கு மிகவும் பிடித்த பொத்தான் வரலாறு. புரட்சியில் பங்கேற்ற ஒன்றாம், இருபத்துமூன்றாம் பட்டாளங்களின் எண்களைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார்கள். புரட்சியில் சேராதிருந்தவர்களைக் கொண்டு 24, 25 என்று புதிய எண்களில் பட்டாளங்கள் அமைந்தன. முன்னே ஒன்று என்ற எண்ணை மார்பில் தாங்கியவன், இப்போது இருபத்துநான்கைத் தாங்கினான். 1817 நவம்பரில் நாகபுரிக்கு அருகே சீதாபல்டியில் பெரும் எதிர்ப்பைத் தாங்கி நின்ற சிறு படையில் இந்த 24ஆம் பட்டாளமும் இருந்தது. வெற்றிக்குப் பின் அவர்கள், தங்கள் பழைய எண்ணைத் திருப்பித் தருமாறு வேண்டினார்கள். வேண்டுகோள் ஏற்கப்பட்டது. இருபத்துநான்கு மீண்டும் ஒன்றாயிற்று. ஓர் எண்ணில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். பெயரற்றவனுக்கு அந்த எண்தான் பெயர், அதுவே அவன் குடும்பத்தின் மானம்.

அயர்லாந்திலிருந்து வந்தவர்கள்

என் அட்டைகளில் தனி வரிசை பெற்றிருப்பவை மதராஸ் பியூசிலியர்கள் என்ற ஐரோப்பியப் பட்டாளத்தின் பொத்தான்கள். கம்பெனியின் படையாக இருந்த இது, 1862இல் அரசியாரின் படையில் 102ஆம் பட்டாளமாகச் சேர்ந்தது. 1881இல் ராயல் டப்ளின் பியூசிலியர்கள் என்று பெயர் மாறியது. அயர்லாந்தின் தலைநகரப் பெயரைத் தாங்கிய ஒரு பட்டாளத்தின் சின்னத்தில் புலியும் யானையும் இருந்ததன் மர்மம் இதுவே. 1922இல், அயர்லாந்து தனியரசான வேளையில், அப்பட்டாளமும் கலைக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்பெனியின் ஐரோப்பிய வீரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐரிஷ்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். வறுமை துரத்த, சொந்த நாட்டை அடக்கி ஆண்டவனுடைய சிவப்புச் சட்டையை அணிந்து, இன்னொரு நாட்டை அடக்கி ஆள வந்தவர்கள்! 1834 முதல் பல பத்தாண்டுகள் மதராசில் ஓ'கானர், கேரூ, ஃபென்னலி, கோல்கன் என்று ஐரிஷ் ஆயர்கள் அடுத்தடுத்துப் பணியாற்றியதற்கு இந்த வீரர்களின் ஆன்மீகத் தேவையும் ஒரு காரணம். அடக்குபவன், அடக்கப்படுபவன் என்று மனிதரை இரண்டு அறைகளில் அடைத்துவிடுவது எளிது. இந்தப் பொத்தான்கள் என்னை அவ்வாறு செய்ய விடுவதில்லை.

முதல் வினா

சென்ற ஆண்டு இளைஞர் குழுக் கூட்டமொன்றில் என் அட்டைகளைக் காட்டிப் பேசினேன். கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஃபாதர், நம்மை அடிமையாக்கினவங்க பொத்தானை நாம ஏன் பத்திரப்படுத்தணும்? விலங்கைக் கழற்றினவன் அதைத் துடைத்துத் துடைத்து அழகு பார்ப்பானா?" என்று கேட்டாள். கூட்டத்தில் சிலர் அவளை அமரச் சொன்னார்கள். நான் தடுத்தேன். அது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அவளுக்கு நான் நீல் சிலையின் கதையைச் சொன்னேன். மேலே சொன்ன மதராஸ் பியூசிலியர்களை 1857இல் வடக்கே நடத்திச் சென்றவர் ஜேம்ஸ் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் எண்ணற்றோரைத் தூக்கிலிட்ட கொடியவர். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927இல் அதை அகற்றக் கோரி அறப்போர் நடந்து, பலர் சிறை சென்றார்கள். 1937இல் இராஜாஜியின் அமைச்சரவை அதை அகற்றியது. உடைத்துப் போடவில்லை. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நடுவீதியில் உயர்ந்த பீடத்தில் நின்றபோது அது, 'இவரை வணங்குங்கள்' என்று நமக்குக் கட்டளையிட்டது. அருங்காட்சியகத்தில், 'இவர் செய்ததை விசாரியுங்கள்' என்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பொருள் ஒன்றே, அது நிற்கும் இடம்தான் மாறியது.

"ஆனால் உங்க அட்டையில் மேல்வரிசையில் அதிகாரிகளின் பொன் பொத்தான்தானே இருக்கு?" என்று அவள் விடாமல் கேட்டாள். அவள் சொன்னது சரியே. சேகரிப்பவர்களின் வழக்கப்படி அரிய பொத்தான்களை மேலேயும் மலிவானவற்றைக் கீழேயும் வைத்திருந்தேன். சந்தை விலையே என் வரிசையைத் தீர்மானித்திருந்தது. அடுத்த வாரம் அவளும் இரண்டு தோழியரும் பங்கு இல்லத்துக்கு வந்து, காலவரிசைப்படி அட்டைகளை மாற்றித் தைத்தார்கள். இப்போது வெள்ளீயமும் பித்தளையும் பொன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பார்ப்பவர்கள், ஒரே ஆண்டில் ஒரே போரில் நின்ற இருவர் எத்தனை வேறுபட்ட உலோகத்தை அணிந்தார்கள் என்பதை உடனே காண்கிறார்கள்.

இரண்டாவது வினா

இது ஒரு குடும்பத்திலிருந்து வந்தது. மந்தைவெளியில் வாடகை வீட்டில் வாழும் அவர்களுடைய பாட்டனாரின் தந்தை, பட்டாளத்தாருக்குச் சீருடை தைத்த தையற்காரர். அவர் விட்டுச்சென்ற பிஸ்கட் டின்னில் அறுபத்திரண்டு பொத்தான்களும் ஒரு கணக்கு நோட்டும் இருந்தன. வியாபாரி ஒருவர் நல்ல விலை கூறி, வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டியிருந்ததால் அண்ணன் விற்க விரும்பினார். "நம்ம கொள்ளுத்தாத்தா கையால தொட்டது" என்று தங்கை மறுத்தார். இருவருக்கும் இடையே பேச்சு நின்றது. தாயார் அழுதுகொண்டே டின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "நீங்களே ஒரு வழி சொல்லுங்க சாமி" என்றார்.

திறந்து பார்த்தேன். என்னிடம் இல்லாத பொத்தான்கள் ஆறேழு அதில் இருந்தன. சேகரிப்பவனின் கை தானாக நீளும் நேரம் அது. ஆகவே முதலில், "இவற்றில் ஒன்றையும் நான் விலைக்கு வாங்கமாட்டேன், அன்பளிப்பாகவும் பெறமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நடுவராக இருப்பவன் ஏலம் கேட்கலாகாது.

அடுத்து, சட்டத்தை எடுத்துரைத்தேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வரலாற்றுப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு பொத்தான்தானே என்று உறையில் போட்டு அனுப்புவது குற்றம். வியாபாரி இதைச் சொல்லவில்லை.

மூன்று மாலைகள் அண்ணனையும் தங்கையையும் ஒரே மேசையில் அமர்த்தி, கொள்ளுத்தாத்தாவின் நோட்டோடு ஒப்பிட்டுப் பொத்தான்களைப் பிரித்தோம். நோட்டில் அவர் தமிழில் பட்டாளத்தின் பெயரையும் உடுப்பின் கூலியையும் எழுதியிருந்தார். முதல் மாலையில் இருவரும் என்னிடம் மட்டுமே பேசினார்கள். இரண்டாம் மாலையில், மங்கிய ஓர் எண்ணைப் படிக்க முடியாமல் தங்கை லென்சை அண்ணனிடம் நீட்டினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை என்று நோட்டிலிருந்து உறுதியான முப்பத்தைந்து பொத்தான்களை நகரத்திலேயே ஒருவருக்கு விற்றார்கள். கட்டணத்துக்கு அது முழுவதும் போதவில்லை. மீதியைத் தங்கை கொடுத்தார். பழமையான இருபத்தேழும் நோட்டும் அவர்கள் வீட்டிலேயே உள்ளன. என்னிடம் இல்லாத அந்த ஆறேழையும் நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றே பார்க்கிறேன்.

என்னிடம் இல்லாத மூன்று

என் சேகரிப்பில் வேண்டுமென்றே சேராத மூன்று பொத்தான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பழைய கல்லறைத் தோட்டத்தில் புதுக்குழி தோண்டும்போது, குறியில்லாத ஒரு பழைய குழி திறந்துகொண்டது. எலும்புகளோடு மூன்று பொத்தான்கள். என் விருப்பத்தை அறிந்த வெட்டியார் அவற்றைக் கழுவி, இலையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். களிம்பேறிப் பச்சையாக இருந்தன. ஒன்றின் காதில் இன்னும் நூலிழை இருந்தது. அவை பரணிலிருந்து இறங்கியவை அல்ல, ஒருவருடைய மார்பிலிருந்து வந்தவை. மாலையில் எலும்புகளோடு அவற்றையும் திரும்ப அடக்கம் செய்து, பெயர் தெரியாத அவருக்காகச் செபித்தோம்.

2001இல் லித்துவேனியா நாட்டின் வில்னியஸ் நகரில் கட்டட வேலையின்போது பெரும் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. 1812இல் உருசியாவிலிருந்து பின்வாங்கி, பசியாலும் குளிராலும் நோயாலும் மடிந்த நெப்போலியனின் வீரர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கிடந்தார்கள். அவர்கள் எந்தெந்தப் பட்டாளத்தார் என்பதை அறிய, பொத்தான்களில் இருந்த எண்கள் பேருதவி புரிந்தன. அந்த உடல்கள் பின்னர் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. ஆகவேதான் மண்ணிலிருந்து தோண்டி எடுத்த பொத்தானை விற்பவரிடம் நான் வாங்குவதில்லை. இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்ட பொத்தான் சாட்சி சொல்லும் ஆற்றலை இழக்கிறது. அது இருந்த இடத்தில் இருந்தால், என்றேனும் ஒருநாள் ஒருவருக்கு அவருடைய பட்டாளத்தைத் திருப்பித் தரலாம்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

நம் பங்குகளில் பட்டாளத்தில் பணிபுரிந்தவர், சமையல் செய்தவர், துணி வெளுத்தவர், தைத்தவர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் ஏராளம். பாட்டியின் தையல் பெட்டியில் கனமான ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பிராசோவும் வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் முலாமும் எழுத்தும் போய்விடும். உலர்ந்த மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். நம் கடற்காற்றில் களிம்பு விரைவில் ஏறும். ஆகவே ஈரம் படாத இடத்தில், பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், ஒன்றோடொன்று உரசாதபடி வையுங்கள்.

விலைக்கு வாங்குவோர் எச்சரிக்கையாயிருப்பது நல்லது. உண்மையான பொத்தான் எஃகு அச்சில் அடித்தது; அதன் எழுத்துகள் கூர்மையாக இருக்கும். உருக்கி வார்த்த போலியின் எழுத்து மழுங்கி, ஓரத்தில் பிசிறு தெரியும். நூறாண்டுப் பழமை என்று விற்கப்படும் பொத்தானில் பின்புறப் பெயர் இல்லாமலும் காது புதிதாகவும் இருந்தால், விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, ஒரு துண்டுக் காகிதம். அது யாருடையது, எந்த ஊரில் பணிபுரிந்தார், யார் சொல்லித் தெரிந்தது என்று எழுதி, பொத்தானோடு வையுங்கள். புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சீருடைகளும் பதக்கங்களும் படைக்கலங்களும் அங்கே உள்ளன. அவற்றை அணிந்த நம்மவர்களின் பெயர்கள் அங்கே மிகக் குறைவு. அப்பெயர்களில் சில உங்கள் வீட்டு முதியவரின் நினைவில் மட்டுமே இருக்கக்கூடும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.